எடுத்த காசைத் திருப்பிப் போட்டதற்கா வரி? கனடாவின் டிஎஃப்எஸ்ஏ பற்றி ஒரு பதில்

ஸ்காபரோவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய கதையின் சுருக்கம் இது. 2019 நவம்பரில், முப்பது வயதில், நிரந்தர வதிவிட உரிமையோடு கனடாவுக்கு வந்தார். வரியில்லாச் சேமிப்புக் கணக்கு, அதாவது எல்லோரும் டிஎஃப்எஸ்ஏ என்று சொல்லும் கணக்கு, ஒன்றைத் திறந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, 2025 ஜனவரியில் 44,500 டொலரோடு தன் வரம்பை முழுவதும் நிரப்பிவிட்டார். மார்ச்சில் தங்கையின் கலியாணத்துக்காக 12,000 டொலர் எடுத்தார். ஆகஸ்டில் சீட்டுக் காசு கைக்கு வந்ததும் அதே 12,000 டொலரைத் திருப்பிப் போட்டார். இப்போது கனடா வருவாய் முகமையிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது: வரம்பை மீறிப் போட்டுவிட்டீர்கள், வரி கட்டுங்கள்.

"என் காசை நான் எடுத்தேன், நானே திருப்பி வைத்தேன். இதில் மிகை எங்கே வந்தது? வங்கியில் கேட்டபோது எடுத்ததைத் திருப்பிப் போடலாம் என்றுதான் சொன்னார்கள். லண்டனில் இருக்கும் மாமாவும் அதையே சொன்னார்" என்கிறார். கூடவே இரண்டு துணைக் கேள்விகள். அவருடைய மனைவி 2024 டிசம்பரில் வந்து சேர்ந்தார். அவருக்கு எவ்வளவு போடலாம்? வட்டி கூடுதலாகத் தரும் வேறு வங்கிக்குக் கணக்கை மாற்றலாமா?

தம்பி, முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். கடிதம் சரி. நீங்கள் எழுதிய விவரங்கள் சரியானால், 2025ஆம் ஆண்டுக்கு நீங்கள் கட்ட வேண்டிய வரி 600 டொலர். வங்கியில் சொன்னதும் பொய் இல்லை, மாமா சொன்னதும் பொய் இல்லை. வங்கிக்காரர் அரை வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார். மாமா வேறு நாட்டின் விதியைச் சொன்னார்.

உங்கள் கணக்கில் எவ்வளவு காசு கிடக்கிறது என்பது ஒரு கணக்கு. இன்னும் எவ்வளவு போடலாம் என்பது தனியான இன்னொரு கணக்கு. ஆங்கிலத்தில் இரண்டாவதை 'ரூம்' என்கிறார்கள். நான் 'இடம்' என்று எழுதுகிறேன். காசு குறைந்தால் அதே அளவுக்கு இடம் உடனே கூடிவிடும் என்று நம்புவதில்தான் இந்தக் குழப்பம் முழுவதும் பிறக்கிறது. காசை எடுத்த அன்று இடம் கூடுவதில்லை. அந்த ஆண்டு முழுவதும் எடுத்த மொத்தத் தொகை அடுத்த ஆண்டு ஜனவரி 1 அன்றுதான் இடமாகத் திரும்பி வருகிறது.

கலியாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பாதியில் எழுந்து போனவர் திரும்பி வந்து அதே இலையில் உட்கார முடியாது. அவருக்குச் சாப்பாடு இல்லை என்று யாரும் சொல்லவில்லை; அடுத்த பந்தி வரும்வரை வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான். டிஎஃப்எஸ்ஏயில் அடுத்த பந்தி எப்போதும் ஜனவரி 1. வங்கிக்காரர் சொல்லியிருக்க வேண்டிய முழு வாக்கியம், "எடுத்ததைத் திருப்பிப் போடலாம், அடுத்த ஆண்டில்" என்பது.

உங்கள் எண்களையே எடுத்துப் பார்ப்போம். ஆண்டு வரம்பு 2019 முதல் 2022 வரை 6,000 டொலர். நான்கு ஆண்டுக்கு 24,000. 2023இல் 6,500. 2024, 2025 இரண்டிலும் 7,000. கூட்டினால் 44,500. அதைச் சரியாகவே நிரப்பியிருக்கிறீர்கள். ஜனவரியில் உங்கள் இடம் பூச்சியம். மார்ச்சில் 12,000 எடுத்த பிறகும் பூச்சியம். ஆகஸ்டில் 12,000 போட்டபோது அத்தனையும் மிகை. மிகைத் தொகைக்கு மாதம் 1 சதவீதம் வரி. அந்த மாதத்தில் மிகை எந்த உச்சத்தைத் தொட்டதோ அந்த உச்சத்துக்குத்தான் கணக்கு. ஆகஸ்ட் 31 அன்று போட்டிருந்தாலும் ஆகஸ்ட் முழு மாதமாகவே எண்ணப்படும். மாதம் 120 டொலர், ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ஐந்து மாதம், 600 டொலர்.

மாதம் ஒன்று என்பது காதுக்குச் சிறிதாகக் கேட்கிறது. ஆண்டுக்கு அது 12. அந்த 12,000 டொலரைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் ஐந்து மாதம் விட்டுவைத்து, 3 சதவீத வட்டியே கிடைத்தது என்று வைத்தாலும், வட்டி 150 டொலர். அதற்கு வருமான வரி போக மிஞ்சுவது நூறை ஒட்டியிருக்கும். அந்தச் சில டொலர் வரியை மிச்சப்படுத்தப் போய் 600 கொடுக்கிறீர்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2026 ஜனவரி 1 அன்று உங்கள் 12,000 இடமாகத் திரும்பியது. அதோடு புதிய ஆண்டின் 7,000 சேர்ந்தது. மொத்தம் 19,000. அதில் மிகையாகக் கிடந்த 12,000 அடங்கிவிட்டது, மிச்சம் 7,000. அதாவது மிகை தானாகவே தீர்ந்துவிட்டது, வரி டிசம்பரோடு நின்றுவிட்டது. கடிதத்தைப் பார்த்துப் பதறி இப்போது 12,000 டொலரை வெளியே எடுக்க வேண்டியதில்லை. பலர் பதற்றத்தில் எடுத்துவிட்டு, சில வாரத்தில் மனம் மாறித் திருப்பிப் போட்டு, இரண்டாவது கடிதத்தையும் வாங்கியிருக்கிறார்கள்.

அடுத்து, கடிதத்துக்கு என்ன செய்வது. மிகைத் தொகைக்கென்று தனிப் படிவம் இருக்கிறது, ஆர்சி243 என்று பெயர். வழக்கமான வருமான வரிப் படிவத்தோடு இது சேராது. 2025க்கான கெடு 2026 ஜூன் 30. கெடு தாண்டினால், செலுத்த வேண்டிய தொகையில் 5 சதவீதமும் அதன்மேல் முழு மாதம் ஒவ்வொன்றுக்கும் 1 சதவீதமும் தண்டம் ஏறும், வட்டி தனி. கடிதத்தில் முகமையே கணக்குப் போட்டு அனுப்பியிருந்தால் அதை உங்கள் வங்கிச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் வைத்திருப்பது வங்கி அனுப்பிய விவரம். வங்கி தேதியைத் தவறாக அனுப்பியிருந்தால் கணக்கும் தவறாகும். அப்படி நடந்ததை நானே இரண்டு முறை கண்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கலாமா என்று அடுத்த மின்னஞ்சலில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். கேட்கலாம். வருமான வரிச் சட்டத்தின் 207.06ஆம் பிரிவு, நியாயமான தவறினால் மிகை ஏற்பட்டு, அதைத் தாமதமின்றி அகற்றியிருந்தால், வரியைத் தள்ளுபடி செய்ய அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. கடிதம் எழுதுங்கள்: என்ன நடந்தது, யார் என்ன சொன்னார், எப்போது தெரிய வந்தது என்று தேதிகளோடு எழுதுங்கள். ஆனால் பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள். விதி தெரியாது என்பது மட்டும் நியாயமான தவறாக எளிதில் ஏற்கப்படுவதில்லை. உங்கள் மிகையும் நீங்கள் எடுத்ததால் தீரவில்லை, ஆண்டு பிறந்ததால் தீர்ந்தது. முகமை இரங்கினால் உங்கள் அதிர்ஷ்டம். விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும் வரியைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். தள்ளுபடி கிடைத்தால் திருப்பித் தருவார்கள்.

இந்தத் தவறில் நீங்கள் தனியாள் இல்லை. ஜிம் பிளாஹர்ட்டி நிதியமைச்சராக இருந்தபோது 2008 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, 2009 ஜனவரியில் இந்தக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டு வரம்பு வெறும் 5,000 டொலர். 2010 கோடையில் சுமார் 70,000 பேருக்கு மிகைக் கடிதம் போனது. அதில் ஒருவன் நான். ஜனவரியில் 5,000 போட்டு, கூரை ஒழுகியதால் ஜூனில் 3,000 எடுத்து, அக்டோபரில் அதைத் திருப்பி வைத்திருந்தேன். 90 டொலர் வரி. வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பதே என் தொழில். அதனால் அந்தக் கடிதத்தை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. முதல் ஆண்டு என்பதால் அப்போது முகமை பலரை மன்னித்தது, என்னையும் விட்டுவிட்டது. இன்றைக்கு அந்தத் தாராளம் இல்லை.

வங்கிமீது உங்களுக்குக் கோபம் இருக்கிறது, கேள்வியின் தொனியிலேயே தெரிகிறது. ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று எந்த வங்கிக்கும் தெரியாது. இடம் ஆளுக்கு ஒன்று. கணக்கு எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். மூன்று நிறுவனத்தில் மூன்று டிஎஃப்எஸ்ஏ வைத்திருப்பவரின் மொத்தத்தை அந்த மூன்றில் எதுவும் பார்ப்பதில்லை. அதனால் நீங்கள் இரண்டு லட்சம் போட்டாலும் வங்கி மறுக்காமல் வாங்கிக்கொள்ளும்.

சரி, முகமையின் இணையக் கணக்கில் பார்க்கலாமே என்றால், அங்கே ஒரு பொறி. அதில் காட்டும் எண் ஜனவரி 1 நிலவரம். அதன் பிறகு நீங்கள் போட்டதும் எடுத்ததும் அதில் இல்லை. வங்கிகள் ஒரு ஆண்டின் விவரத்தை அடுத்த ஆண்டு பிப்ரவரி இறுதிக்குள்தான் அனுப்புகின்றன. அதனால் ஜனவரியில் திறந்து பார்ப்பவருக்கு முந்தைய ஆண்டின் பரிமாற்றங்கள் ஏறாத பழைய எண்ணே தெரியக்கூடும். அந்த எண்ணை நம்பிப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் வருகிறார்கள். ஊரில் அம்மாமார் பால்கணக்கு எழுதிவைத்த கொப்பியைப் போல ஒரு பக்கம் போதும்: தேதி, போட்டது, எடுத்தது, எந்த வங்கி. ஆண்டுக்கு ஐந்தாறு வரிகூட வராது.

லண்டன் மாமாவுக்கு வருவோம். பிரித்தானியாவில் இதற்கு ஐசா என்று பெயர். ஆண்டு வரம்பு 20,000 பவுண். அவர்களுடைய வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடிகிறது. 2016 ஏப்ரலிலிருந்து, நெகிழ்வான ஐசா என்று வழங்கும் நிறுவனங்களில் மட்டும், எடுத்த தொகையை அதே வரி ஆண்டுக்குள் திருப்பிப் போடலாம். அது புதிய பங்களிப்பாக எண்ணப்படாது. ஆண்டு முடிந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். பாருங்கள், அங்கே ஆண்டுக்குள் போட வேண்டும், ஆண்டு தாண்டினால் போச்சு. இங்கே ஆண்டுக்குள் போடக்கூடாது, ஆண்டு தாண்டினால்தான் உண்டு. ஒன்று மற்றதன் தலைகீழ். அங்கே பயன்படுத்தாத வரம்பு அடுத்த ஆண்டுக்கு வராது. இங்கே பத்து ஆண்டு போடாமல் விட்டாலும் அப்படியே சேர்ந்து நிற்கும். தென்னாப்பிரிக்காவின் கணக்கு இரண்டையும் விடக் கடுமை: வாழ்நாள் முழுவதற்கும் 500,000 ராண்ட்தான், எடுத்தால் அந்த இடம் திரும்பி வரவே வராது. நம் குடும்பங்கள் நாலு நாட்டில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வரி ஆலோசனையும் நாலு நாட்டிலிருந்து வருகிறது. அன்போடுதான் சொல்கிறார்கள், எந்த நாட்டு விதி என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கனடா விதியில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. திரும்பி வரும் இடம் நீங்கள் போட்ட தொகை அளவு இல்லை, எடுத்த தொகை அளவு. 10,000 போட்டது 25,000 ஆக வளர்ந்து, முழுவதையும் எடுத்தால், அடுத்த ஜனவரியில் 25,000 டொலர் இடம் திரும்பும். மறுபக்கம் வலிக்கும். 10,000 போட்டு வாங்கிய பங்கு 4,000க்கு விழுந்து, வெறுத்துப்போய் அதை எடுத்தால், திரும்பும் இடம் 4,000. மீதி 6,000 டொலர் இடம் நிரந்தரமாகப் போயிற்று. வெளிக் கணக்கில் நட்டப்பட்டிருந்தால் அந்த நட்டத்தை வேறு மூலதன லாபத்தில் கழிக்கலாம். இதற்குள் பட்ட நட்டத்தை எங்கும் கழிக்க முடியாது. ஊகப் பங்குகளை இதற்குள் வைத்து விளையாடுகிறவர்களிடம் நான் இதைச் சொல்வேன், யாரும் கேட்பதில்லை. வென்றாலும் வேறொரு தொல்லை உண்டு. வன்கூவரில் ஒரு முதலீட்டு ஆலோசகர் 15,000 டொலர் போட்டு, ஓயாமல் வாங்கி விற்று, சில ஆண்டுகளில் அதை ஆறு லட்சத்துக்கு மேல் ஆக்கினார். இது சேமிப்பு இல்லை, வியாபாரம் என்று முகமை வரி போட்டது. 2023இல் வரி நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மாதம் ஒருமுறை ஒரு நிதியில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு இதில் பயமில்லை.

இனி வேறு வங்கிக்கு மாற்றுவது. மாற்றலாம், தாராளமாக. ஆனால் நீங்களாக எடுத்துக்கொண்டுபோய் அங்கே போடாதீர்கள். அப்படிச் செய்தால் இங்கே எடுத்தது ஒரு எடுப்பு, அங்கே போட்டது ஒரு புதிய பங்களிப்பு. இடமில்லாவிட்டால் முழுவதும் மிகை. உங்கள் 12,000க்கு நேர்ந்தது மொத்தத் தொகைக்கும் நேரும், கடிதமும் அந்த அளவுக்குக் கனமாக வரும். முறை இது: முதலில் புதிய வங்கிக்குப் போய் அங்கே டிஎஃப்எஸ்ஏ திறந்து, நேரடி மாற்றப் படிவத்தில் கையெழுத்திடுங்கள். அவர்கள் பழைய வங்கியோடு கடிதத் தொடர்பு கொண்டு காசை வாங்கிக்கொள்வார்கள். காசு உங்கள் கையையோ உங்கள் நடைமுறைக் கணக்கையோ தொடக்கூடாது. இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம். பல நிறுவனங்கள் வெளியே அனுப்புவதற்குக் கட்டணம் பிடிக்கின்றன. புதிய வங்கி அதைத் திருப்பித் தருமா என்று கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். காசு ஜிஐசியில், அதாவது குறித்த கால வைப்பில், கிடந்தால் முதிர்வுத் தேதியைப் பாருங்கள். டிஎஃப்எஸ்ஏ என்பது வரிச் சட்டம் தரும் மேலுறை. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற உரிமை அந்த உறைக்கு. உள்ளே இருக்கும் வைப்பு இரண்டு ஆண்டுக்குப் பூட்டியிருந்தால் பூட்டியதுதான்.

இந்த வேலையை டிசம்பரில் நினைத்திருந்தால் வேறு வழியும் இருந்திருக்கும். ஆண்டு முடிவில் எடுத்து, ஜனவரியில் புதிய வங்கியில் போட்டால் மாற்றப் படிவமே தேவையில்லை, கட்டணமும் இல்லை. டிசம்பர் 30இல் எடுத்தவருக்கு இடம் இரண்டே நாளில் திரும்பும்; ஜனவரி 2இல் எடுத்தவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். கலியாணம், வீடு, கார் என்று பெரிய செலவு ஜனவரியில் வருவது முன்கூட்டியே தெரிந்தால், டிசம்பரிலேயே எடுத்துவிடுங்கள். பங்கோ நிதியோ விற்று எடுப்பதானால் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். விற்ற காசு கணக்கில் சேர ஒன்றிரண்டு வேலை நாள் வேண்டும்.

மனைவியின் கணக்கு எளிது, இனிமையானதும்கூட. ஓர் ஆண்டில் ஒரு நாள் கனடாவில் வதிபவராக இருந்தாலும், 18 வயது ஆகியிருந்தால், அந்த ஆண்டின் முழு வரம்பும் கிடைக்கும். மாதக் கணக்கில் வெட்டுவதில்லை. 2024 டிசம்பரில் வந்திறங்கி இங்கே குடியேறியவருக்கு 2024இன் 7,000 முழுதாக உண்டு. 2025இன் 7,000, 2026இன் 7,000 சேர்த்தால் 21,000 டொலர். வேலை இருக்க வேண்டும், வருமானம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டமான ஆர்ஆர்எஸ்பியோடு இதைக் குழப்பாதீர்கள். சமூகக் காப்புறுதி எண் வேண்டும். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கணக்குத் திறக்கும் வங்கி ஊழியர் சிலர், 2009இலிருந்து 2026 வரை கூட்டி 109,000 டொலர் போடலாம் என்று எல்லோருக்கும் ஒரே எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண் 2009இலேயே 18 வயதைத் தாண்டி, அன்று முதல் இங்கேயே வாழ்ந்தவருக்கு. நமக்கு வந்த ஆண்டுதான் தொடக்கம். குடிவந்த புதிதில் இப்படி ஒரு எண்ணைக் கேட்டு, ஊரில் வீடு விற்ற காசை மொத்தமாகப் போட்ட ஒரு தம்பதியின் கோப்பு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அவர்கள்மீது மாதாமாதம் ஏறிய வரியை இங்கே எழுத மனம் வரவில்லை.

மனைவியிடம் இப்போது காசு இல்லை என்றால், நீங்கள் கொடுக்கலாம். கொடுத்த காசை அவர் தன் கணக்கில் போட்டு அதில் வரும் வருமானம் உங்கள் தலையில் ஏறாது. ஆனால் கூட்டுக் கணக்கு என்ற ஒன்று டிஎஃப்எஸ்ஏயில் இல்லை. அவரவர் பெயரில், அவரவர் இடத்தில். உங்கள் இடத்தை அவருக்குக் கடன் கொடுக்கவும் முடியாது. கணக்குத் திறக்கும்போது ஒருவரை ஒருவர் அடுத்த உரிமையாளராக எழுதிவைத்துவிடுங்கள். ஒன்ராறியோவில் அதற்குப் படிவத்திலேயே பெட்டி இருக்கிறது. வெறும் பயனாளி என்று எழுதுவதும் அடுத்த உரிமையாளர் என்று எழுதுவதும் வேறு. பின்னதில் கணக்கு அப்படியே வாழ்க்கைத் துணையின் பெயருக்கு மாறும், அவருடைய சொந்த இடத்தில் எதுவும் குறையாது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், உங்கள் பெற்றோரோ மாமனார் மாமியாரோ இங்கே இருந்தால் பயன்படும். டிஎஃப்எஸ்ஏயிலிருந்து எடுப்பது வருமானமாகக் கணக்கில் வராது. குழந்தைகள் உதவித்தொகை குறையாது. முதியோர் ஓய்வூதியத்தோடு குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் மேலதிக உதவித்தொகையும் குறையாது. அதே தொகையை ஆர்ஆர்எஸ்பியிலிருந்து எடுத்தால் வருமானம் ஆகிவிடும், அந்த உதவித்தொகையில் ஏறக்குறைய டொலருக்கு 50 சதம் வெட்டு விழும். தொழிற்சாலையில் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்து அறுபதை நெருங்குகிறவர்களை இன்னமும் ஆர்ஆர்எஸ்பியில் போடச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

இரண்டு ஆண்டு ஊருக்குப் போய் இருக்கப்போகிறோம் என்ற திட்டம் இருந்தால் மட்டும் கவனம். வதிவிடத்தை விட்டுப் போன பிறகும் கணக்கை வைத்திருக்கலாம், எடுக்கலாம், கனடாவில் அதற்கு வரி இல்லை. ஆனால் போடக்கூடாது. இடம் மிச்சம் இருந்தாலும், வதியாதவராக நீங்கள் போட்ட ஒவ்வொரு டொலருக்கும் மாதம் 1 சதவீதம். இங்கே மாதாந்தம் தானாகப் போகும்படி போட்டுவைத்த கட்டளையை நிறுத்த மறந்து விமானம் ஏறுகிறவர்கள்தான் இதில் சிக்குகிறார்கள். முழு ஆண்டும் வெளியே இருந்தால் அந்த ஆண்டுக்குப் புது இடமும் சேராது. போய்க் குடியிருக்கும் நாடு இந்தக் கணக்கின் வருமானத்தை வரியில்லாததாக ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

உங்கள் கையில் இப்போது இருப்பது 2026க்கான 7,000 டொலர் இடம். இந்த ஆண்டு பிறந்த பிறகு ஏதாவது போட்டிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மாதாந்தக் கட்டளை ஓடிக்கொண்டிருந்தால் அதையும் எண்ணுங்கள். இந்த ஆண்டு எடுத்தது எதையும் கூட்டாதீர்கள். கடிதத்துக்குப் பதில் அனுப்பி 600 டொலரைக் கட்டி முடிக்கும்வரை புதிதாக எதையும் போடாமல் இருங்கள், கடிதத்தின் பிரதியை அந்தக் கொப்பிக்குள்ளேயே வையுங்கள்.